கிடை போட்ட மூலையும் ஒன்பது கட்டமும்

பெரியப்பா சுடோகு போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பவருக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பேனாவைத் திறக்கவே மாட்டார். டீக்கடையிலிருந்து கொண்டுவந்த செய்தித்தாளை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, திண்ணைத் தூணில் சாய்ந்தபடி ஐந்து நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கடகடவென்று ஏழெட்டு எண்களை எழுதுவார். மறுபடி பார்வை. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே, ஆடுதுறைப் பக்கம், அரை வேலி நிலம் வைத்திருக்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். காலையில் வயலைச் சுற்றி வந்து, பழையது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால், வெயில் தாழ்வதற்குள் அன்றைய கட்டம் முடிந்திருக்கும்.

நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம் வேறு. ஒரு நாள் அவர் கையிலிருந்த தாளை வாங்கி, இடது மேல் மூலையில் இருந்த காலிக் கட்டத்தில் ஆரம்பித்தேன். இதில் 1 வருமா, 2 வருமா என்று 9 வரை கேட்டு, நாலு எண் வரலாம் என்று கண்டேன். அடுத்த கட்டத்துக்குப் போனால் அங்கே ஐந்து எண் வரலாம். அலுத்துப்போய் ஒரு 6-ஐ உத்தேசமாகப் போட்டுவிட்டு மேலே போனேன், அதுவும் பால்பாயின்ட் பேனாவில். முக்கால் மணி நேரம் கழித்து ஒரே வரிசையில் இரண்டு 6 நின்றன. பெரியப்பா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, காலிக் கட்டத்தப் பாத்து இங்க எந்த நம்பர் வரும்னு கேக்காத. இந்த நம்பர் எங்க போவும்னு கேளு. நாத்துமுடியக் கையில வச்சுக்கிட்டு வயலப் பாக்குறாப்புல பாரு.”

சுடோகுவைப் பற்றி அதற்குப் பிறகு நிறையப் படித்திருக்கிறேன். ஆரம்பக்காரருக்கு இதைவிட உபயோகமான யோசனையை எதிலும் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் விதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். 81 கட்டங்கள். ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும், ஒவ்வொரு நெடுக்கு வரிசையிலும், 3×3 கட்டங்கள் கொண்ட ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரை எல்லா எண்ணும் ஒரு தடவை வரவேண்டும். சில கட்டங்கள் நிரப்பித் தரப்பட்டிருக்கும். மீதியை நாம் நிரப்ப வேண்டும்.

எண்கள் இருப்பதால் இது கணக்கு என்று பலர் பயந்து ஒதுங்கிவிடுகிறார்கள். இதில் கணக்கே கிடையாது. ஒன்பது எண்களுக்குப் பதிலாக ஒன்பது நெல் ரகங்களின் பேரை எழுதினாலும் ஆட்டம் அப்படியேதான் இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒவ்வொரு வரிசையும் 45 வரும் என்று சிலர் கூட்டிக்கொண்டிருப்பார்கள், வீண் வேலை. கூட்டிப் பார்க்கவேண்டியது மாயச்சதுரத்தில். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் ஒரே தொகை வரும் அந்தச் சதுரங்களைத்தான், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் தன் நோட்டுப்புத்தகத்தின் முதல் அத்தியாயமாக எழுதிவைத்தார். அதுவும் சுடோகுவும் பார்க்க ஒரே சாயலில் இருந்தாலும் உடன்பிறப்பு இல்லை. பங்காளி முறை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பெரியப்பா சொன்னதை ஒரு துண்டுக் கட்டத்தில் பார்ப்போம். ஒரு சுடோகுவின் மேல் மூன்று வரிசைகள் மட்டும்:

7 · · | 2 · · | · 4 ·
· 5 · | · · 6 | · · 7
· · 9 | 3 · 8 | · · ·

கையில் 7 என்ற நாற்றுமுடியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசையில் இடது பெட்டியில் 7 நட்டாயிற்று. இரண்டாம் வரிசையில் வலது பெட்டியில் நட்டாயிற்று. நடுப்பெட்டிக்கும் ஒரு 7 வேண்டும். அது முதல் வரிசையில் வர முடியாது, இரண்டாம் வரிசையிலும் முடியாது. மிஞ்சியது மூன்றாம் வரிசை. நடுப்பெட்டியின் மூன்றாம் வரிசையில் 3-உம் 8-உம் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ஒரே காலி. அங்கேதான் 7.

அந்தக் காலிக் கட்டத்தை முதலில் பார்த்து, “இங்கே என்ன வரும்?” என்று கேட்டிருந்தால்? அதே வரிசையில் 9, 3, 8. அதே பெட்டியில் 2, 6. இவற்றை நீக்கினால் 1, 4, 5, 7 என்று நாலு எண் மிஞ்சும். நாலில் எது என்று தெரியாமல் நகர்ந்திருப்போம். கட்டம் ஒன்றுதான், இருக்கும் தகவலும் ஒன்றுதான். எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினால் இரண்டு நொடி. இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண் தேடினால் முட்டுச்சந்து.

இப்படி ஒரே பட்டையாக அடுத்தடுத்து நிற்கும் மூன்று பெட்டிகளில் இரண்டில் ஒரு எண் இருந்தால், மூன்றாவதில் அது எந்த வரிசையில் வரும் என்பது உடனே தீர்ந்துவிடும். குறுக்கே மூன்று பட்டை, நெடுக்கே மூன்று பட்டை. ஆறு பட்டைகளிலும் 1 முதல் 9 வரை இப்படி ஒரு சுற்று ஓட்டிவிட வேண்டும். பெரியப்பாவின் ஐந்து நிமிஷப் பார்வை இதுதான். செய்தித்தாளில் வரும் எளிய புதிர்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வழியிலேயே நிரம்பிவிடும். ஒரு சுற்று முடிந்ததும் நிறுத்தக் கூடாது. புதிதாக வந்த எண்கள் புதிய இடங்களை அடைத்திருக்கும், மறுசுற்றில் இன்னும் சில விழும்.

இனி 5-ஐ எடுப்போம். அது இரண்டாம் வரிசையில் இடது பெட்டியில் இருக்கிறது. நடுப்பெட்டியில் மூன்றாம் வரிசை நிரம்பிவிட்டது. ஆக நடுப்பெட்டியின் 5 முதல் வரிசையில், காலியாக இருக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்றில். எதில் என்று இப்போது தெரியாது. தெரியாவிட்டாலும் ஒரு லாபம் கிடைக்கிறது. முதல் வரிசையின் 5 நடுப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது, இரண்டாம் வரிசையின் 5 இடது பெட்டியில் இருக்கிறது. எனவே வலது பெட்டியின் 5 மூன்றாம் வரிசையில்தான் வந்தாக வேண்டும். அங்கே மூன்று காலிகள். கீழே ஏழாம் நெடுக்கிலும் ஒன்பதாம் நெடுக்கிலும் 5 இருந்துவிட்டால், எட்டாம் நெடுக்கில் சந்தேகமே இல்லாமல் எழுதிவிடலாம். இடம் தெரியாத ஒரு 5, இன்னொரு 5-க்கு இடம் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆரம்பக்காரர்கள் தவறவிடுவது இதைத்தான். தெரிந்ததை மட்டுமே எழுதும் பழக்கத்தில், பாதி தெரிந்ததைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கட்டத்தைப் பார்த்து எண் கேட்பதற்கும் ஒரு வேளை வரும். இதே துண்டில், ஐந்தாம் நெடுக்கு வரிசையில் கீழே எங்கோ 1-உம் 9-உம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்போது முதல் வரிசையின் ஐந்தாம் கட்டத்தைப் பாருங்கள். வரிசையில் 7, 2, 4 இருக்கின்றன. பெட்டியில் கூடுதலாக 6, 3, 8. நெடுக்கில் 1, 9. எட்டு எண்ணும் போய், மிஞ்சுவது 5 மட்டும். அதை எழுதியதும் நேர் கீழே உள்ள கட்டத்துக்கு 4-ஐத் தவிர வேறு எதுவும் வர வழியில்லை. நடுப்பெட்டியில் இப்போது இரண்டே காலிகள். மிச்சம் இருப்பவை 1, 9. ஆறாம் நெடுக்கில் கீழே ஒரு 9 தென்பட்டால் முதல் வரிசையில் 1, இரண்டாம் வரிசையில் 9. பெட்டி முடிந்தது. இந்தக் கேள்வியை எங்கே கேட்பது என்றால், வரிசையும் நெடுக்கும் பெட்டியும் மூன்றுமே நெருக்கமாக நிரம்பியிருக்கும் இடத்தில். காலியாகக் கிடக்கும் பக்கத்தில் கேட்டால் என் 6-இன் கதைதான்.

சரி, எட்டாவது படித்த விவசாயிக்கு இந்தப் பார்வை எங்கிருந்து வந்தது? அவரைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் இந்தக் கட்டம் புதிராவதற்கு முன்பே வயலுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் அது வெறும் அலங்காரப் பேச்சல்ல.

குறுவைக்கு ஆடுதுறை 36, ஆடுதுறை 43, ஆடுதுறை 45, கோ 51 என்று நாலு ரகங்களில் எது நம் மண்ணில் அதிகம் விளைகிறது என்று பார்க்க வேண்டும். வயலை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு நட்டு, அறுத்து நிறுத்துப் பார்த்தால் போதாதா? போதாது. தலைமடைத் துண்டுக்கு முதல் தண்ணீர். வண்டலும் அங்கேதான் படியும். கடைமடைத் துண்டு முதலில் காயும். ஒரு பக்கம் வரப்போரம் தென்னை நிழல் விழும், மறுபக்கம் வெயில். ஆடுதுறை 43 தலைமடையில் நின்று அதிகம் விளைந்தால், விளைந்தது ரகத்தாலா தண்ணீராலா? கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் டெல்டாவில் நடக்கும் சண்டைகளில் பாதி தலைமடை கடைமடைச் சண்டை. ஒரு வயலுக்குள்ளேயே அந்தச் சண்டை இருக்கிறது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919-இல் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்குக் கொடுத்த வழிகளில் ஒன்று லத்தீன் சதுரம். வயலை 4×4 என்று பதினாறு பாத்திகளாகப் பிரி. ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு குறுக்கு வரிசையிலும் ஒருமுறை, ஒவ்வொரு நெடுக்கிலும் ஒருமுறை வரட்டும். அப்படிப்பட்ட சதுரங்களில் எது என்பதைத் திருவுளச்சீட்டு போட்டு எடு. தலைமடைச் சலுகை நாலு ரகத்துக்கும் சமமாகக் கிடைத்துவிடும். தென்னை நிழலின் நஷ்டமும் சமமாகவே விழும். 1929-இல் வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் காட்டு மலைச்சரிவில் அவர் வகுத்துக் கொடுத்த 5×5 சதுரம், மரங்கள் வளர்ந்த பிறகு புகைப்படத்தில் பச்சைக் கட்டங்களாகவே தெரிகிறது.

ஆனால் கீழே உள்ள லத்தீன் சதுரத்தைப் பாருங்கள்:

1 2 3 4
2 3 4 1
3 4 1 2
4 1 2 3

குறுக்கும் சரி, நெடுக்கும் சரி. இப்போது இடது மேல் மூலையில், நாலு பாத்தி அளவுக்கு, கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள் என்று வையுங்கள். அறுவடை முடிந்த வயலில் ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரிகள் ஆடுகளை மடக்கி இரவு தங்கவைப்பது இங்கே வழக்கம். கிடை போட்ட இடத்துப் பயிர் கரும்பச்சையாகத் தனித்துத் தெரியும். அந்த மூலையில் 1, 2, 2, 3 நிற்கின்றன. 2-க்கு இரட்டைப் பங்கு, 4-க்கு ஒன்றுமில்லை. மண்ணின் வளம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சீராகக் குறைந்தால் வரிசையும் நெடுக்கும் பார்த்துக்கொள்ளும். திட்டுத்திட்டாக இருந்தால்?

1956-இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் டபிள்யூ. யு. பெரென்ஸ் இந்தக் குறையைத்தான் எடுத்துக்கொண்டார். வயலைப் பெட்டிகளாகவும் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு ரகமும் ஒருமுறை வரவேண்டும் என்று மூன்றாவது நிபந்தனை சேர்த்தார். அவர் வைத்த பேர் ‘கெரெஹ்ட்’ அமைப்பு. அந்த ஜெர்மன் சொல்லுக்கு நியாயமான என்று பொருள். நாலு ரகத்துக்கு இப்படி வரும்:

1 2 3 4
3 4 1 2
2 1 4 3
4 3 2 1

எந்த மூலையில் கிடை போட்டாலும் நாலு ரகத்துக்கும் ஒவ்வொரு பாத்தி கிடைக்கிறது. இதையே 9×9 ஆக்கி, 3×3 பெட்டிகள் வைத்தால், அது நிரப்பி முடித்த சுடோகு. பொழுதுபோக்குப் பத்திரிகையில் அது புதிராக வருவதற்கு 23 வருஷம் முன்பே, நெல்லோ கோதுமையோ நடுவதற்கான திட்டமாக அது அச்சில் இருந்தது.

மூன்றாவது நிபந்தனை எவ்வளவு கெடுபிடியானது என்பதற்கு ஒரு கணக்கு. 4×4 லத்தீன் சதுரங்கள் மொத்தம் 576. அவற்றில் பெட்டி விதிக்கும் உட்படுபவை 288, சரிபாதி. 9×9-க்குப் போனால் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட லத்தீன் சதுரங்களுக்கு ஒன்றுதான் சுடோகுவாகத் தேறும். அப்படியும் 6,670,903,752,021,072,936,960 சுடோகுகள் இருக்கின்றன என்று 2005-இல் ஃபெல்கன்ஹவரும் ஜார்விஸும் எண்ணிச் சொன்னார்கள். நாளிதழ்களுக்குப் புதிர் தீர்ந்துபோகும் கவலை இல்லை.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆராய்ச்சிப் பண்ணைகளில் லத்தீன் சதுரத்தை அடிக்கடி பார்க்க முடியாது. இருபது ரகங்களை ஒப்பிட 400 பாத்தி வேண்டும். யாரால் நட்டு அறுத்து நிறுக்க முடியும்? அதனால் வயலைச் சில தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா ரகத்தையும் சீட்டுக் குலுக்கிய வரிசையில் நடும் எளிய முறைதான் பெரும்பாலும் புழக்கத்தில் இருக்கிறது. அதிலும் பெட்டிக்கு ஒருமுறை என்ற நியாயம் அப்படியே நிற்கிறது. நெல் ஆராய்ச்சி வயல்களில் வரப்போரமாகச் சிறு பலகைகள் நட்ட பாத்திகளைப் பார்த்தால், ஒரே ரகம் ஏன் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறது என்று தோன்றும். சிதறல் அல்ல, பங்கீடு. ஆடுதுறையில் அப்படியொரு ஆராய்ச்சி நிலையம் வந்தது 1922-இல்.

அங்கிருந்து 1960-களில் வெளிவந்த ஆடுதுறை 27, ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம்மூர் ஜி.ஈ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்தது. எங்கள் தாத்தா அதை நட்டிருக்கிறார். ஜப்பான் சரக்கு தஞ்சாவூர்ப் பக்கம் இறங்கியது சுடோகுவில் தொடங்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். சுடோகுவும் ஜப்பானில் பேர் மட்டும்தான் வாங்கியது. ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் உருவாக்கி 1979-இல் டெல் பத்திரிகையில் வந்த புதிரை, 1984-இல் நிகோலி பத்திரிகை ஜப்பானில் வெளியிட்டது. நிகோலியின் மாகி காஜி வைத்த பேரின் நீண்ட வடிவத்துக்கு, எண்கள் கல்யாணம் ஆகாமல் ஒற்றையாகவே இருக்க வேண்டும் என்று அர்த்தம். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற வெய்ன் கோல்ட் அதை 2004-இல் லண்டன் டைம்ஸுக்குக் கொண்டுபோனார். மறுவருஷமே உலகம் முழுக்கச் செய்தித்தாள்களில் ராசிபலனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.

லத்தீன் சதுரக் கதையில் நம் நாட்டுக்காரர்களுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நாலு ரகத்தோடு நாலு வகை உரத்தையும் அதே பதினாறு பாத்திகளில் சோதிக்க ஆசைப்பட்டால், ஒரு லத்தீன் சதுரத்தின் மேல் இன்னொன்றைப் போர்த்தி, ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு உரத்தையும் ஒரே ஒருமுறை சந்திக்கும்படி செய்ய வேண்டும். நாலுக்கு முடியும். ஆறுக்கு முடியாது. பத்துக்கும் பதினாலுக்கும்கூட முடியாது என்று மேதை ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டில் கணித்துச் சொல்லிவிட்டுப் போனார். கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வயல் சோதனைகளுக்கான அமைப்புகளில் ஊறிய ஆர்.சி. போஸ், அவர் மாணவர் எஸ்.எஸ். ஸ்ரீகண்டே, அமெரிக்கர் இ.டி. பார்க்கர் மூவரும் 1959-இல் பத்துக்கு முடியும் என்று கட்டிக் காட்டினார்கள். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது.

திண்ணைக்குத் திரும்புவோம். எளிய புதிர்களைக் கடந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எண்ணைப் பார்த்து இடம் தேடியாயிற்று, இடத்தைப் பார்த்து எண் தேடியாயிற்று, ஒன்றும் விழவில்லை. அப்போது ஜோடியைத் தேட வேண்டும்.

கும்பகோணம் பேருந்து நிலையத்தில் மன்னார்குடி வண்டி உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு விழும். அக்கா தங்கை இருவர் ஓர் இருக்கையில் இரண்டு துண்டு போட்டுவிட்டார்கள். ஜன்னலோரம் அக்காவா தங்கையா என்று ஏறின பிறகுதான் தெரியும். ஆனால் அந்த இரண்டு இடமும் வேறு யாருக்கும் இல்லை, அந்த இருவரும் வேறு எங்கேயும் உட்காரப் போவதில்லை என்பது இப்போதே உறுதி. சுடோகுவில் ஒரு வரிசையின் இரண்டு கட்டங்களில் 2, 7 என்ற இரண்டே எண்கள்தான் வர முடியும் என்று கண்டுவிட்டால், அவை துண்டு போட்ட இடங்கள். எதில் எது என்று குழம்ப வேண்டாம். அந்த வரிசையின் மற்ற கட்டங்களிலிருந்து 2-ஐயும் 7-ஐயும் அடித்துவிடலாம். அடித்ததும், 2, 4, 7 என்று மூன்று எண்ணோடு இழுபறியில் இருந்த ஒரு கட்டத்தில் 4 மட்டும் மிஞ்சும். மூன்று கட்டத்துக்கு மூன்று எண் என்றாலும் இதே நியாயம், கண்ணில் படுவதுதான் சிரமம்.

இதற்குக் கட்டத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லாக் கட்டத்திலும் வரக்கூடிய எல்லா எண்ணையும் எழுதிவைப்பவர்கள் உண்டு. செய்தித்தாள் கட்டத்தில் அப்படி எழுதினால் எறும்புப் புற்று மாதிரி ஆகிவிடும், ஒன்றும் புலப்படாது. கோவாவில் 2008-இல் நடந்த உலக சுடோகு போட்டியில் வென்ற தாமஸ் ஸ்னைடர் பேரால் வழங்கும் முறை சிக்கனமானது. ஒரு பெட்டிக்குள் ஒரு எண்ணுக்குச் சரியாக இரண்டே இடம் இருந்தால் மட்டும் அந்த இரண்டு கட்டங்களின் மூலையிலும் பொடியாகக் குறி. மூன்று இடம் இருந்தால் குறிக்காதே. முன்பு பார்த்த துண்டுக் கட்டத்தில், 7 விழுந்ததும், நடுப்பெட்டியின் 5-உம் 4-உம் இப்படிக் குறிக்கத் தக்கவை. ஒரே இரண்டு கட்டங்களில் இரண்டு எண்கள் இப்படிச் சேர்ந்து விழுந்தால், துண்டு போட்ட ஜோடி தானாகவே தெரிந்துவிடும். பெரியப்பா எழுதுவது எண்கூட இல்லை, ஒரு புள்ளி. எந்தப் புள்ளி எந்த எண் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

இதற்கு மேல் எக்ஸ்-விங், வாள்மீன் என்றெல்லாம் பேர் வைத்த உத்திகள் இருக்கின்றன. ஒரு எண்ணுக்கு இரண்டு வரிசைகளில் இரண்டிரண்டு இடமே இருந்து, அந்த நாலு இடமும் அதே இரண்டு நெடுக்குகளில் விழுந்தால், அந்த நெடுக்குகளின் மற்ற இடங்களிலிருந்து அந்த எண்ணைக் கழித்துவிடலாம் என்பது எக்ஸ்-விங். எல்லாம் அதே துண்டு நியாயத்தின் பெரிய பேருந்துகள். நாளிதழ்ப் புதிர்களுக்கு இவை தேவைப்படுவது அபூர்வம் என்பது என் அனுபவம்.

உத்தேசமாகப் போட்டுப் பார்ப்பது தப்பா? கணினி அப்படித்தான் செய்கிறது. ஒரு எண்ணைப் போடும், முட்டினால் பின்வாங்கும், அடுத்ததைப் போடும். முட்டியதும் துளி மறதியில்லாமல் பழைய நிலைக்குத் திரும்ப அதனால் முடியும், என் பால்பாயின்ட் பேனாவால் முடியாது. தவிரவும், ஒழுங்காகத் தயாரித்த புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும். எங்கே எது வரவேண்டும் என்பது கொடுத்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது. உத்தேசம் தோன்றுகிறது என்றால் பெரும்பாலும் எங்கோ ஒரு 5 கண்ணில் படாமல் நிற்கிறது.

அந்த ஒரே விடை அமைய எத்தனை எண்கள் தரப்பட வேண்டும்? ஒன்று சுலபமாகச் சொல்லலாம். ஒன்பதில் குறைந்தது எட்டு வகை எண்களாவது புதிரில் தலைகாட்ட வேண்டும். 3-உம் 8-உம் தரப்படவே இல்லை என்றால், விடையில் 3 எல்லாவற்றையும் 8 ஆக்கி, 8 எல்லாவற்றையும் 3 ஆக்கினால் அதுவும் விடையாகிவிடும். ஆனால் எட்டு எண் தந்தால் போதுமா என்றால் போதாது. 17 எண்கள் மட்டும் தந்து ஒரே விடை வரும் புதிர்களை ஆஸ்திரேலியாவில் கார்டன் ராய்ல் நாற்பதாயிரத்துக்கும் மேல் சேர்த்து வைத்திருந்தார். 16-இல் ஒன்றுகூட அகப்படவில்லை. இருக்கவே முடியாதா, தேடியது போதவில்லையா? டப்ளினில் கேரி மெக்குவயரும் குழுவும், சுழற்றியும் எண்களை மாற்றியும் ஒன்றாகிவிடும் கட்டங்களைக் கழித்து மிஞ்சிய 547 கோடி கட்டங்களையும் மீகணினியில் அலசி, 16-க்கு வழியே இல்லை என்று 2012 புத்தாண்டில் அறிவித்தார்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். கணினியின் ஒரே ஒரு செயலி மட்டும் உழைத்திருந்தால் சுமார் 70 லட்சம் மணி நேரம், எண்ணூறு வருஷம் ஆகியிருக்கும் என்றேன். பக்கத்துத் திருபுவனத்தில் மூன்றாம் குலோத்துங்கன் கோயில் கட்டிய காலத்தில் தொடங்கியிருந்தால் இப்போதுதான் முடிந்திருக்கும் பெரியப்பா என்று கொஞ்சம் ஜோடனையும் சேர்த்தேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு பெட்டியின் ஓரத்தில் புள்ளி ஒன்றை வைத்துவிட்டுக் கேட்டார்:

“அம்புட்டு நேரத்துக்கும் கரண்டு வேணுமேப்பா. அவுங்க ஊருல மும்முனை கரண்டு பகல்ல குடுக்குறானா, ராத்திரியிலயா?”